ரெஜினாவின் கையில் மட்டும் நின்ற பிஸ்டல்

1. மூன்றாவது வெடி

முதல் வெடி போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதில் பிஸ்டல் நின்றுவிட்டது.

சுவிஸில் ஓல்டன் நகரத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய தொழிற்சாலையின் நிலவறையில் இருக்கும் சுடுகூடம் அது. காதுக்கவசம் போட்டுக்கொண்டு நாலு பேர் நின்றோம். சுட்டுக்கொண்டிருந்தவள் ரெஜினா, எங்கள் பாதுகாப்புக் கம்பனியின் கூரியர். அவளுக்குப் பின்னால் நான், கம்பனியின் ஆயுதப் பொறுப்பாளர். எனக்கு ஒரு பக்கம் எங்கள் மேலாளர் ரூடி. மறுபக்கம் அந்தப் பிஸ்டலை எங்களுக்கு விற்க வந்த வியாபாரி, லோஹர்.

ரெஜினா பதறவில்லை. தோட்டா நிரப்பின மாகசினின் அடியில் ஒரு தட்டுத் தட்டி, மேலே ஓடுகிற ஸ்லைடை இழுத்து, உள்ளே சிக்கியிருந்த வெறுங்கோதை வெளியே தள்ளிவிட்டு மறுபடி சுட்டாள். ஐந்தாவதில் மறுபடி நின்றது. இரண்டு மாகசின் முடிவதற்குள் நாலு தடவை நின்றுவிட்டது. பிஸ்டல் இப்படிச் சிக்கி நிற்பதை எங்கள் தொழிலில் ஸ்டோருங் என்போம். ஆயிரத்தில் ஒன்று வந்தாலே நான் அன்றிரவு சரியாகச் சாப்பிட மாட்டேன்.

அதே பிஸ்டலால் முந்தின இரண்டு நாளும் நானும் லோஹரும் சுட்டிருந்தோம். அதற்கு ஒரு இருமல்கூட வரவில்லை.

"கை தளர்வு, வேறொண்டும் இல்லை" என்றார் லோஹர். "பொம்பிளையளுக்கு இது வழமைதான்."

(அவர்கள் கதைத்தது சுவிஸ் ஜேர்மன். முப்பது வருஷமாக என் காதில் அது தமிழாகத்தான் விழுகிறது. விழுந்தபடியே எழுதுகிறேன்.)

ரூடி சட்டைப் பையிலிருந்து சின்னக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து ஏதோ எழுதினார். எழுதும்போது பிஸ்டலைப் பார்க்கவில்லை, ரெஜினாவைப் பார்த்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

2. மலிவு என்றால் எங்கே மலிவு?

சந்தேகப்படுவதற்காகவே சம்பளம் வாங்கின ஆள் நான். அதனால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

இலங்கைக் குடியுரிமை உள்ளவர் இந்த நாட்டில் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஆகவே சுவிஸ் பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை இதே கம்பனியில் வண்டி கழுவினேன், பூட்டுத் திருத்தினேன், கடைசல் மெசினில் நின்றேன். பாஸ்போர்ட் வந்தபிறகுதான் ஆயுத அறைக்குள் விட்டார்கள். அப்போதிருந்த பொறுப்பாளர் முதல் ஆறு மாதமும் அலுமாரிப் பூட்டின் எண்ணை அழுத்தும்போது என்னைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். நான் கோபிக்கவில்லை. துப்பாக்கித் தொழிலை அவரிடம்தான் படித்தேன். திரும்பிப் பார்க்கிற பழக்கமும் அவரிடமிருந்துதான் தொற்றியது.

எங்கள் கம்பனியின் முக்கிய வேலை, பெறுமதியான சின்னச் சாமான்களை ஆள் மூலம் கொண்டுபோய்க் கொடுப்பது. கைக்கடிகாரக் கம்பனிகளின் கற்கள், தங்கத் துண்டுகள், இப்படி. கவசவண்டி போனால் ஊரே திரும்பிப் பார்க்கும். சாதாரண உடுப்பில் ஒரு ஆள் ரயிலில் போனால் யாரும் பார்க்கமாட்டார்கள். ரெஜினா பத்து வருஷமாக அப்படித்தான் பேர்னுக்கும் சூரிச்சுக்கும் ஜெனீவாவுக்கும் போய் வந்தாள். கையில் ஒரு சாம்பல் நிறப் பை, காதில் ஹெட்போன். பார்ப்பவர்களுக்கு ஏதோ ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை செய்கிறவள். ஹெட்போனில் பாட்டு ஓடாது. ஜக்கெட்டுக்குள் பிஸ்டல் இருக்கும். அதற்குக் காவல்துறையின் அனுமதிப் பத்திரம் வேண்டும், எழுத்துத் தேர்வும் சுடுதல் தேர்வும் பாஸ் பண்ணவேண்டும். எங்கள் கூரியர்களில் அவள் ஒருத்திதான் பெண், அவள் ஒருத்திதான் தமிழ்.

பிரச்சினை அவளுடைய பழைய பிஸ்டலில் தொடங்கியது. அது பெரியது, பாரமானது. குளிர்காலக் கோட்டுக்குள் தெரியாது, கோடைக்கால ஜக்கெட்டுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். ஒருநாள் பேர்ன் நிலையத்தில் கோப்பி வாங்க வரிசையில் நின்றபோது, பின்னால் நின்ற ஒரு அம்மாள் அவளுடைய இடுப்பை உற்றுப் பார்த்துவிட்டு வரிசையை விட்டே போய்விட்டார். ரெஜினா அடுத்த நாள் வந்து சொன்னாள்: "அண்ணை, அந்த மனுஷிக்குத் தெரிஞ்சால் கள்ளனுக்கும் தெரியும். எனக்குச் சின்னன் ஒண்டு வேணும்."

நியாயம். ரூடியும் ஒத்துக்கொண்டார். எல்லாக் கூரியர்களுக்கும் ஒரே மாதிரிச் சின்னப் பிஸ்டல் வாங்குவதாகத் தீர்மானம் ஆனது. எனக்குத் தெரிந்த ஒரு நல்ல மாதிரி ஏற்கெனவே சந்தையில் இருந்தது. அப்போதுதான் லோஹர் வந்தார். அதே அளவு, அதைவிடப் பாரம் குறைவு, விலை பாதி. ரூடியின் முகம் மலர்ந்ததை நான் கண்டேன்.

பாதி விலை என்றால் ஏதோ ஒன்றில் பாதி குறைந்திருக்கிறது. எதில் என்று கண்டுபிடிப்பது என் வேலை. பிஸ்டலைக் கழற்றி மேசையில் பரப்பினேன். குழலைப் பார்த்தேன், ரவை, அதாவது தோட்டா, ஏறுகிற சரிவைப் பார்த்தேன், கோதை இழுக்கிற கொக்கியைப் பார்த்தேன், ஸ்பிரிங்கை அளந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்காதபோதுதான் எனக்குச் சந்தேகம் கூடும். லோஹர் எங்களுக்கென்று தேடி எடுத்து, அரம் போட்டு மினுக்கின ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன். பெட்டி உடைக்காத வேறு மூன்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கொண்டுவந்து தந்தார். அந்தச் சிரிப்பையும் சந்தேகப்பட்டேன். மூன்றும் ஒழுங்காகவே சுட்டன.

எங்கள் சோதனையில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு கையால்தான் சுடுவோம். கூரியரின் மற்றக் கையில் பை இருக்கும், என்ன நடந்தாலும் பையை விடக்கூடாது. நான் இடது கையில் மணல் நிரப்பின பையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் சுட்டேன். எல்லாம் நன்றாக இருந்தது. வேண்டாவெறுப்பாக "பரிந்துரைக்கிறேன்" என்று அறிக்கையில் பாதி எழுதியும்விட்டேன். மிஞ்சியிருந்தது ஒன்றுதான். பாவிக்கப்போகிற ஆள் சுட்டுப் பார்க்கவேண்டும்.

அதுதான் அந்த மூன்றாவது வெடி.

3. "உம்மடை ஆள் எண்டு பாராமல்"

அன்று பின்னேரம் ரூடி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். கதவைச் சாத்தச் சொல்கிற மேலாளர் நல்ல செய்தி சொன்னதை நான் இன்னும் கண்டதில்லை.

"சிவா, பிஸ்டல் உம்மடை கையிலை நிக்கேல்லை. லோஹரின்ரை கையிலையும் நிக்கேல்லை. அவவின்ரை கையிலை மட்டும் நிக்குது. அப்ப பிழை எங்கை?"

"இன்னும் தெரியாது."

"எனக்குத் தெரியும். போன மூண்டு வருஷச் சுடுதல் முடிவையும் எடுத்துப் பாத்தன். எல்லாம் மட்டுமட்டாய்ப் பாஸ். பழைய பிஸ்டல் பெரிசு, அதுதான் அவவைக் காப்பாத்தினது. பத்து நாள் தாறன். அதுக்குப் பிறகும் நிண்டால் ஆயுதம் தரேலாது. களஞ்சியத்திலை வேலை இருக்கு, அங்கை போகட்டும்."

களஞ்சியம் என்றால் யன்னல் இல்லாத அறையில் பொதி ஒட்டுகிற வேலை. வேலை போகாது, ஆனால் அனுமதிப் பத்திரம் போய்விடும். ஆயுதம் தேவையில்லாத ஆளுக்குக் காவல்துறை அதைப் புதுப்பிக்காது. ஒருமுறை விட்டால் திரும்ப எடுப்பது லேசில்லை. ரெஜினாவின் பத்து வருஷமும் அந்தப் பத்திரத்தில்தான் இருந்தது.

நான் எழும்பும்போது ரூடி சொன்னார்: "இன்னொண்டு. உம்மடை ஆள் எண்டு பாராமல் எழுதும்."

கதவுப் பிடியில் என் கை அப்படியே நின்றது. இருபது வருஷம் இந்தக் கம்பனியின் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் நான்தான் கையெழுத்து வைத்தேன். ஒரு ஸ்பிரிங் குறைந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள், நான் ஒருநாளும் தடுமாறினதில்லை. அந்த ஒரு வசனத்தில் நான் மறுபடி, பூட்டின் எண்ணை எட்டிப் பார்க்கிறானோ என்று மற்றவர் திரும்பிப் பார்க்கிற ஆளாகிவிட்டேன். எனக்குச் சரியான கோபம் வந்தது. ஆனால் வெளியே வந்து கோப்பி குடிக்கும்போது விளங்கியது, அவர் சொன்னதில் எனக்கு ஒரு பொறி இருக்கிறது. ரெஜினாவுக்குச் சார்பாக நான் எது எழுதினாலும் தமிழுக்குத் தமிழ் என்பார்கள். அவளுக்கு எதிராக எழுதினால் மட்டும்தான் என்னை நம்புவார்கள்.

4. பத்து நாள்

ரெஜினா பேர்ன் நகரத்துப் பூம்ப்ளிஸில் இருந்து வேலைக்கு வருகிறவள். சின்ன வயதில் மன்னாரிலிருந்து தாயோடு வந்தவள், கத்தோலிக்கப் பிள்ளை. வாய் கொஞ்சம் நீளம். முதல் நாளே என்னிடம் கேட்டாள்.

"அண்ணை, நீங்களும் என்னைத்தான் சந்தேகப்படுறியளோ?"

"ஓம். உம்மையும் சந்தேகப்படுறன், பிஸ்டலையும் சந்தேகப்படுறன், லோஹரையும் சந்தேகப்படுறன்."

"ரூடியை?"

"அவரை முதல்லையே."

சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "எனக்குக் களஞ்சியம் வேண்டாம் அண்ணை. அங்கை போட்டால் நான் செத்துப்போவன்" என்றாள். குரல் உடையாமல் சொன்னாள். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

லோஹர் சொன்னது தொழில் தெரிந்த பேச்சுத்தான், அதையும் சொல்லவேண்டும். வெடி போனதும் ஸ்லைடு பின்னால் ஓடித் திரும்பவேண்டும். அதற்குக் கை அசையாமல் தாங்கி நிற்கவேண்டும். கையும் சேர்ந்து பின்னால் போனால் ஸ்லைடு முழுத்தூரமும் ஓடாது, வெறுங்கோது வெளியே போகாமல் நடுவில் மாட்டிக்கொள்ளும். பாரமான பிஸ்டல் தன் பாரத்தாலேயே கொஞ்சம் தாங்கும். பாரம் குறையக் குறைய எல்லாம் கையின் தலையில்தான்.

ஆகவே ரெஜினாவிடம் ரப்பர் பந்து ஒன்று கொடுத்து வலது கையால் அமத்தச் சொன்னேன். ரயிலில் அமத்திக்கொண்டே போனாள். மூன்றாம் நாள் சுட்டாள், நின்றது. ரவையைச் சந்தேகப்பட்டு வேறு கம்பனி ரவை போட்டேன், நின்றது. மாகசினைச் சந்தேகப்பட்டு மாற்றினேன், நின்றது. போனில் மெதுவாக ஓடவிட்டுப் படம் எடுத்து, அவளுடைய மணிக்கட்டை ஒவ்வொரு அசைவாகப் பார்த்தேன். கொஞ்சம்தான் பின்னால் போனது. அவ்வளவு கொஞ்சத்துக்கு ஒரு பிஸ்டல் நிற்கலாமா? இதையும் ஒரு கேள்வியாக எழுதி வைத்தேன்.

அவளுடைய கையில் ஏதோ நோய், வருத்தம் இருக்கிறது, மறைக்கிறாள் என்றுகூட ஒருநாள் நினைத்தேன். நேரே கேட்டும் விட்டேன்.

"கையிலை ஏதும் நோவோ? டொக்டரிட்டைப் போனனீரோ?"

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உங்களுக்குத்தான் வருத்தம், சந்தேக வருத்தம்" என்று சொல்லிவிட்டுப் பந்தை என் மேசையில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஆறாம் நாள் மத்தியானம் சாப்பாட்டு அறையில் இருந்தோம். நான் வீட்டிலிருந்து சோறும் தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தல் ஒன்றும் கொண்டுபோயிருந்தேன். புதுப்போத்தல், மூடி அசையவில்லை. நான் திருகிப் பார்த்தேன். எங்கள் வண்டிச் சாரதி, மலையேறுகிற ஆள், அவரும் திருகிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். ரெஜினா எதிர் மேசையில் இருந்தாள். என்னோடு கோபம்தான், ஆனாலும் ஊறுகாய் அல்லவா. எழும்பி வந்து போத்தலை எடுத்தாள். 'டக்' என்று ஒரு சத்தம், மூடி கழன்றுவிட்டது. பிறகு போத்தலை வைத்துவிட்டு வலது கை விரலால் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டாள்.

நான் சாப்பாட்டைத் தள்ளிவைத்தேன். அவள் போத்தலைப் பிடித்தது வலது கையால். மூடியைத் திருகினது இடது கையால்.

"ரெஜினா, நீர் இடது கையோ?"

சூடு பட்டதுபோல இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். முப்பத்தைந்து வயது மனுஷி, கம்பனியின் ஆயுதம் தாங்கின கூரியர்.

"இல்லை அண்ணை. வலது."

"ஆர் சொன்னது?"

"அம்மா" என்றாள்.

5. என் கையெழுத்து

பிறகு கதை முழுக்க வந்தது. இடது கையால் சாப்பிட்டால் அடி, இடது கையால் கொப்பியில் எழுதினால் அடி. இங்கே வந்து பாலர் வகுப்பில் சேர்த்தபோது, ரீச்சர் அவள் வெட்டுகிற விதத்தைக் கண்டுவிட்டு இடதுகைப் பிள்ளைகளுக்கான கத்தரிக்கோல் ஒன்று கொடுத்திருக்கிறார். தாய் அடுத்த நாளே போய் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "என்ரை பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அன்றையிலிருந்து எழுதுவது, சாப்பிடுவது, கைகொடுப்பது, சிலுவை போடுவது, ஆட்கள் பார்க்கிற எல்லாம் வலது. பாரம் தூக்குவது, திருகுவது, அமத்திப் பிடிப்பது, ஆட்கள் கவனிக்காத எல்லாம் இடது. பத்து வருஷமாகப் பையைத் தூக்கினதும் இடது கை. பலமான கையால் பையைப் பிடித்துக்கொண்டு, பலமில்லாத கையால் பிஸ்டல் சுட்டிருக்கிறாள்.

"அப்ப சுடப் பழகேக்கை ஏன் சொல்லேல்லை?"

"ஒருத்தரும் கேக்கேல்லையே அண்ணை. பிஸ்டல் வைக்க வலதுபக்க ஹோல்ஸ்டர்தான் தந்தவை. நானும் வலதுதானே நல்ல கை எண்டு நினைச்சன்."

ஆயுத அறைக்கு இறங்கிப்போய் அவளுடைய கோப்பை எடுத்தேன். முதல் பக்கத்தில் ஒரு படிவம். சுடுகிற கை: வலது. சரி அடையாளம் போட்டிருந்தது. கீழே கையெழுத்து. என்னுடையது.

எனக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் வந்தது. படிவத்தை அவளிடம் நீட்டி, "கையெழுத்து வையும்" என்றேன். பேனையை வலது கையால் எடுத்தாள். நான் எதிர்ப்பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, கேட்காமலே 'வலது' என்ற இடத்தில் சரி அடையாளம் போட்டேன். ஒரு சுவிஸ்காரன் அப்படிச் செய்தால் மன்னிக்கலாம். இங்கே இடதுகைப் பிள்ளை இடது கையால்தான் எழுதும், பேனையைப் பார்த்தால் ஆள் விளங்கிவிடும். நான் செய்யலாமா? என் இளைய மகன் நாலு வயதில் இடது கையால் சோறு அள்ளினபோது கரண்டிக் காம்பால் அவன் கையில் தட்டினவன் நான். அவனும் இன்றைக்கு வலது கையால்தான் எழுதுகிறான். லோஹரின் சிரிப்பைச் சந்தேகப்பட்டேன், ரவையைச் சந்தேகப்பட்டேன், அவளுக்கு வருத்தம் என்று சந்தேகப்பட்டேன். ஒரு தமிழ்ப் பிள்ளையின் வலது கையைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த அறையில் தனியாக நின்று தலையில் அடித்துக்கொண்டேன், உண்மையாகவே.

அடுத்த நாள் இடது கையில் பிஸ்டலைக் கொடுத்தேன். பழக்கமில்லாததால் குறி அங்கும் இங்கும் போனது. ஆனால் ஐந்து மாகசினும் ஓடியது, ஒரு தடவைகூட நிற்கவில்லை. ரெஜினா காதுக்கவசத்தைக் கழற்றிவிட்டு அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப பிரச்சினை முடிஞ்சுது, என்ன அண்ணை?"

"பாதிதான் முடிஞ்சுது" என்றேன். போனில் பார்த்துவிட்டு எழுதி வைத்த கேள்வி இன்னும் அப்படியே கிடந்தது.

6. மற்றக் கையால்

பத்தாம் நாள் அதே சுடுகூடம், அதே நாலு பேர். லோஹர் விற்பனை ஒப்பந்தத்தோடு வந்திருந்தார். ரூடியின் சட்டைப் பையில் அந்தக் குறிப்புப் புத்தகம்.

"இண்டைக்கு ரெஜினா கடைசி. முதல்ல நாங்கள் மூண்டு பேரும் சுடுவம்" என்றேன். "மற்றக் கையாலை."

"அது உங்கடை சோதனைப் பட்டியலிலை இல்லை" என்றார் லோஹர் உடனே. அவ்வளவு உடனே சொன்னதிலேயே எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

"உண்மை, இல்லை. நான் சேர்க்க மறந்துபோனன். கூரியரின்ரை நல்ல கையிலை அடி பட்டால், இல்லாட்டிக் கை பைப்பட்டியிலை சிக்கினால், மற்றக் கையாலைதானே சுடவேணும்?"

நான் முதலில் சுட்டேன். வலது கையில் மணல் பை, இடது கையில் பிஸ்டல். நாலாவதில் நின்றது. உதறிவிட்டு மறுபடி சுட்டேன், மறுபடி நின்றது. லோஹர் கையைக் கட்டிக்கொண்டு, "வயசு போனால் கை தளரும்தானே" என்றார். நான் பிஸ்டலை ரூடியிடம் நீட்டினேன்.

ரூடி இராணுவத்தில் சுடுதலுக்குப் பதக்கம் வாங்கினவர். அதைக் கந்தோர்ச் சுவரில் மாட்டியும் வைத்திருக்கிறார். ஜக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டு இடது கையால் பிடித்தார். இரண்டாவதில் நின்றது. முகம் சிவந்தது. சரிசெய்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். நாலாவதில் நின்றது. லோஹர் முன்னால் வந்து, "ரவையை மாத்திப் பாருங்கோ" என்றார்.

"நீங்கள் மாத்திச் சுடுங்கோ" என்றார் ரூடி.

லோஹர் சுடவில்லை. தோளில் பழைய நோவு ஒன்று இருப்பதாகச் சொன்னார்.

பிறகு நான் கொண்டுவந்திருந்த மற்ற மாதிரியை, எனக்கு முன்பே தெரிந்த விலை கூடியதை, எடுத்தேன். அளவு அதேதான், பாரம் கொஞ்சம் அதிகம். ரூடி இடது கையால் ஒரு முழு மாகசினையும் ஓட்டினார். நானும் ஓட்டினேன். ரெஜினா இடது கையால் ஓட்டினாள், வலது கையாலும் ஓட்டினாள். ஒன்றும் நிற்கவில்லை. கூட்டுகிற ஆளைத் தவிர யாரும் எட்டிப் பார்க்காத அந்தக் கோதுகள் தரையில் கிடந்து மினுங்கினது எனக்கு அன்றைக்கு வடிவாக இருந்தது.

மலிவு எதில் மலிவு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பிஸ்டலில் பழுது என்று ஒன்றும் இல்லை. ஆனால் பிடிக்கிற கை எப்போதும் சரியாகப் பிடித்தால்தான் அது வேலை செய்யும். தவறு செய்ய இடமே வைக்காமல் செய்திருந்தார்கள். ரயில் நிலையத்தில் ஒருவன் பையை இழுக்கும்போது யாரால் சரியாகப் பிடிக்க முடியும்?

லோஹர் ஒப்பந்தத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனபிறகு ரூடி என்னைப் பார்த்தார். கெட்டிக்காரன்தான், விடவில்லை.

"எல்லாம் சரி. இவ இடது கை எண்டால் இத்தனை வருஷமும் ஏன் வலது கையாலை சுட்டவ? பொய் சொன்னவவோ?"

ரெஜினா வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். அவளுக்காகச் சொன்னேன் என்று நினைக்கவேண்டாம். அந்தக் கோப்பு என் பையிலேயே இருந்தது.

"அவ பொய் சொல்லேல்லை. நான் கேக்கேல்லை. கேக்காமல் எழுதினன். இது என்ரை கையெழுத்து" என்று படிவத்தை அவரிடம் கொடுத்தேன்.

ரூடி நெடுநேரம் அதைப் பார்த்தார். பிறகு குறிப்புப் புத்தகத்தை எடுத்து ரெஜினாவைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார். அடுத்த பக்கத்தில் என் பெயரை எழுதினார். ஒரு கிழமையில் எழுத்துமூலமான எச்சரிக்கை ஒன்று எனக்கு வந்தது. இருபது வருஷத்தில் வந்த ஒரே எச்சரிக்கை. போன வருஷம் ஓய்வு பெற்று வரும்போதும் அது என் கோப்பில் இருந்தது. எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ரூடியும் அந்த வசனத்தைத் திரும்ப ஒருநாளும் சொல்லவில்லை.

7. திறப்புக் கோர்வை

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒரு பிஸ்டலைப் பார்க்கும்போது அது நன்றாகச் சுடுகிறவன் கையில் எப்படிச் சுடுகிறது என்று பார்க்காதேயுங்கள். களைத்த கை, பலமில்லாத கை, பயந்த கை, இவற்றில் எப்படிச் சுடுகிறது என்று பாருங்கள். விலை குறைந்ததெல்லாம் கூடாதது என்றும் சொல்லமாட்டேன், நல்ல மலிவான பிஸ்டலும் நான் பிறகு வாங்கியிருக்கிறேன். அதையும் இடது கையால் சுட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன்.

அதற்குப் பிறகு புதிதாக யார் ஆயுத அறைக்கு வந்தாலும் நான் படிவத்தை முதலில் நீட்டுவதில்லை. கதைத்துக்கொண்டிருக்கும்போதே, சொல்லாமல் கொள்ளாமல், மேசையில் கிடக்கிற திறப்புக் கோர்வையை, அதாவது சாவிக்கொத்தை, தூக்கி அவர் பக்கம் எறிவேன். எந்தக் கை ஏந்துகிறதோ அதைப் பார்ப்பேன். பிறகு கேட்பேன்: "வீட்டிலை ஆரும் உம்மடை கையை மாத்தினவையோ?" சுவிஸ் பிள்ளைகளுக்குக் கேள்வியே விளங்காது. எங்கள் பிள்ளைகள் சிலர் சிரிப்பார்கள். சிலர் சிரிக்கமாட்டார்கள்.

ரெஜினா மூன்று மாதம் இடது கையால் பழகினாள். சுடுதல் தேர்வை மறுபடி எடுத்தாள், இந்த முறை மட்டுமட்டாக இல்லை. புதிய பிஸ்டலைப் பெற்றுக்கொள்ள ஆயுத அறைக்கு வந்தபோது புதுப் படிவத்தை முன்னால் வைத்தேன். சுடுகிற கை என்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தேன். அவளே 'இடது' என்று எழுதினாள், வலது கையால். கையெழுத்தும் வைத்தாள். பிஸ்டலை இடது கையால் எடுத்து, இடதுபக்க ஹோல்ஸ்டரில் வைத்து, ஜக்கெட்டை இழுத்துவிட்டாள். வெளியே ஒன்றும் தெரியவில்லை.

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். அறையில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அண்ணை, ஒரு உதவி."

"சொல்லும்."

"ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வாற உங்கடை கூட்டாளியள் சிலர் அம்மாவைக் காணுவினம்." குரலைத் தாழ்த்தினாள். "இடது கையாலை சுடுறன் எண்டு மட்டும் அம்மாவின்ரை காதுக்குப் போகவிடாதேங்கோ."